மாப்பிள்ளை நனையலாம், கார் நனையக் கூடாது

“காக்கா! காக்கா! ஏட்டி வடிவு, ஓடி வா, காக்கா இருந்துட்டு!”

குற்றாலிங்கம் போட்ட சத்தத்தில் தென்காசி மொட்டைக் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் எழும்பி, ஆய்க்குடி வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தன.

வடிவம்மாள் அரைத்த மசாலாக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். வேப்பமரத்தடியில் ஆஸ்டின் கார் நின்றது. அதன் முன்மூடிக்கு நடுவில், பொட்டு வைத்தது போல, காக்காய் எச்சம்.

“இதுக்கா இந்தக் கூப்பாடு? இருங்க, தொடைச்சு விடுதேன்.” முந்தானையை எடுத்தாள்.

“தொடாத! துணி பட்டா கீறல் விழும்னு பட்டறை யாக்கூப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்.”

“அப்போ ஒரு செம்பு தண்ணி ஊத்துதேன்.”

“தண்ணியா? புதுப் பெயிண்டுட்டீ! ஒரு மாசத்துக்குச் சொட்டுத் தண்ணி ஆகாது.”

“சரி, வெயில்ல விடுங்க. காஞ்சு உதிர்ந்துரும்.”

“வெயிலும் ஆகாது. அதுக்குப் பயந்துதானே மரத்தடிக்குக் கொண்டாந்தேன்!”

வடிவம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “நனையவும் கூடாது, காயவும் கூடாது, தொடவும் கூடாது. நம்ம அகிலாவைப் பெத்துப் போட்டப்போகூட நீங்க இம்புட்டுப் பத்தியம் பாக்கலியே!”

அந்த அகிலாண்டேஸ்வரிக்குத்தான் இப்போது கல்யாணம். மாப்பிள்ளை சொரிமுத்து, வாசுதேவநல்லூர்க்காரர், போலீசில் சப் இன்ஸ்பெக்டர். அவருடைய அப்பா சிவசைலம், நிச்சயதார்த்தத்தன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மாப்பிள்ளை அழைப்பு காரில் நடக்க வேண்டும். “புதுசு மாதிரிக் கொண்டாந்து நிறுத்துதேன் சம்பந்தி! ஒம்ம ஊரே கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பாக்கும்!” என்று குற்றாலிங்கம் மார்தட்டி விட்டார். மார்தட்டிய மறுவாரமே, இலஞ்சி வளைவில் வைக்கோல் வண்டி ஒன்று காரோடு மோதிக்கொண்டது.

குத்துக்கல்வலசை யாக்கூப் பட்டறையில் காரை விட்டார். நெளிவு எடுத்து, பட்டி பார்த்து, புறாச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார். விட்ட அன்றே யாக்கூப் பத்தியம் முழுவதையும் ஒப்பித்திருந்தான். கடைசியாக, “கதவை ஓங்கிச் சாத்திராதீங்க அண்ணாச்சி, ஓரத்துல பெயிண்டு விட்டுரும்” என்றும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குற்றாலிங்கம் எட்டிப் பார்த்தபோது கார் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நின்றது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. யாக்கூப் தொழுகைக்குப் போயிருந்தான்.

“அவுக வந்துரட்டும் அண்ணாச்சி” என்றாள் அவன் மனைவி பாத்திமுத்து.

“பத்தியம் எல்லாம் எனக்கு மனப்பாடம் தாயி!” என்று சொல்லிக்கொண்டே, சாவியைத் திருகிக் கிளப்பி வந்துவிட்டார்.

“பளபளப்பைக் காணலியே?” என்று வடிவம்மாள் அப்போதே கேட்டாள். “அடுப்புச் சாம்பலைப் பூசின மாதிரில்லா இருக்கு?”

“அது ஊறணும்ட்டீ. ஊற ஊறத்தான் பளபளப்பு!”

இப்போது எச்சத்தை விசிறியால் வீசிக் காயவைத்து, தென்னை ஈர்க்கால் மெல்ல நெம்பினார். எச்சம் போனது. அது இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சைக்கிள் மணி.

“அண்ணாச்சீ! நில்லுங்க அண்ணாச்சீ!”

யாக்கூப்! கோட்டைப் பார்த்தால் மனிதன் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவான். குற்றாலிங்கம் காரில் தாவி ஏறி, பின்சந்து வழியாகப் பறந்து, தங்கச்சி வீட்டு மாட்டுத் தொழுவத்தில் காரை நுழைத்தார். வெயில் இல்லை, காக்காய் இல்லை. அப்பாடா என்று ஒரு வாய் மோர் குடித்துவிட்டு வருவதற்குள், செவலைப் பசு காரின் ஒரு பக்கம் முழுவதையும் கன்றுக்குட்டி என்று நினைத்து நக்கி முடித்திருந்தது. ஈரத்தை இழுக்கட்டும் என்று வைக்கோலைச் சாத்தினார். கார் தாடி வளர்த்துக்கொண்டது.

மறுநாள் தொழுவத்து வாசலிலும் அதே சைக்கிள் மணி. வைக்கோலும் பறக்க, கார் கல்யாணம் நடக்கவிருந்த குற்றாலம் போய்ச் சேர்ந்தது.

ஆனி மாதக் குற்றாலத்தில் சாரல் கேட்டுக்கொண்டா பெய்யும்? காற்றில் பாதி தண்ணீர், தண்ணீரில் பாதி காற்று. குற்றாலிங்கம் கல்யாணச் சத்திரத்துக்குப் பக்கத்தில் காருக்கு மட்டும் தனிப் பந்தல் போட்டார். மணமேடைக்கு வந்த தென்னங்கிடுகு முழுவதும் அங்கே போனது. பந்தலைப் பார்த்த குரங்குகள், இவ்வளவு நாள் இப்படி ஒரு வசதி இல்லையே என்று குடும்பத்தோடு குடிவந்து, கார்க் கூரையிலிருந்து கண்ணாடி வழியாகச் சறுக்கி விளையாடின. ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஐந்து விரல் கீறல்.

மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமானது. நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டார். சாரல் வேறு வலுத்தது. காருக்கு மேலே ஆறு குடைகள். மாப்பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை.

“பெட்ரோமாக்ஸைத் தள்ளிப் பிடிலே! சூடு பட்டாக் கொப்புளிக்கும்! யாரது பூச்சரத்தோட? நார் கீறிரும், ஓடு!”

சொரிமுத்து, மாலையும் பட்டுவேட்டியும் சொட்டச் சொட்ட, கதவில் கை வைத்தார்.

“மாப்ளே! கதவைத் தொறந்தாச் சாத்தணும், சாத்தினா ஓரத்துல விட்டுரும். ஜன்னல் வழியா ஏறிருங்களேன்!”

நல்ல பிள்ளை, மாமனார் பேச்சைத் தட்டவில்லை. தலை போனது, மாலை போனது, தோள் போனது. அதற்கு மேல் போகவில்லை. போலீஸ் சாப்பாட்டு வயிறு ஜன்னலில் பொருந்திக்கொண்டது. பட்டுவேட்டிக் கால்கள் இரண்டும் ஊரைப் பார்த்து உதைத்தன.

“என்னவே இது!” சிவசைலம் குதித்தார். “என் மகன் திருடனைப் பிடிக்குதவன்வே! அவனையே ஜன்னல் ஏற வைக்கீரே! ஏலே சொரிமுத்து, எறங்கு, ஊருக்குப் போவோம்!”

“எறங்கவும் முடியலப்பா!” என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல்.

மணப்பெண் அறை ஜன்னலில் அகிலாவின் முகம் அழத் தயாராக இருந்தது. அப்போது கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிள் மணி. இந்த முறை ஓட வழியில்லை. காரில் மாப்பிள்ளை மாட்டியிருக்கிறார். ஆனால் சட்டென்று குற்றாலிங்கத்துக்கு ஒரு வெளிச்சம். சாட்சியே வந்துவிட்டதே!

“சம்பந்தி! பெயிண்ட் அடிச்சவனே வந்துட்டான். அவன் சொல்லட்டும். நான் செஞ்சது தப்புன்னா, கதவைத் தொறந்து எல்லாரும் ஏறிக்கிடுங்க. நான் குடையில்லாம முன்னால நடந்து வாரேன்!”

“கோயில் வாசல் வரைக்கும்?” சிவசைலம் விடவில்லை.

“ஐந்தருவி வரைக்கும்!”

“சரிவே, கேளும்.”

தொப்பலாக நனைந்த யாக்கூப், மூச்சு வாங்கிக்கொண்டே காரைச் சுற்றி வந்தான். ஈர்க்குக் கோடு, பசு நக்கின பக்கம், குரங்குக் கீறல், உதைக்கிற கால்கள், எல்லாவற்றையும் பார்த்தான். குற்றாலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாக்கூபு, குரங்கு பண்ணினதை மன்னிச்சிரு. மத்தபடி ஒன் பெயிண்டை என் உயிராக் காத்தேன். சொல்லுப்பா!”

“எந்தப் பெயிண்டை அண்ணாச்சி? டப்பா இன்னும் மூடி தொறக்காம பட்டறையில இருக்கு; இது வெறும் அடிப்பூச்சு, அதைச் சொல்லத்தானே வெள்ளிக்கிழமையில இருந்து ஒங்க பின்னாலயே சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வாரேன்!”