துரைசாணிக்கு இரண்டு சாட்சி

பேயின் பெயர், உத்தேச வயது, தோன்றும் நேரம், நேரில் பார்த்த சாட்சிகள் இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றை ஏழு நாட்களுக்குள் அனுப்பும்படி மேலிடத்துக் கடிதம் கேட்டிருந்தது. தேதி எண்பத்தாறு மார்ச் மூன்று. ஷரீபுன்னிசா இரண்டு முறை படித்தாள். கேலி செய்கிறார்களா என்று தேடினாள். இல்லை. அரசாங்கத் தாளில் கேலிக்கு இடம் ஒதுக்கும் வழக்கமில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகும் சாலையோரத்துத் துரை பங்களா அருங்காட்சியகத்துக்கு அவள்தான் காப்பாளர். துரை உட்கார்ந்த நாற்காலி, துரை கழற்றிப் போட்ட பூட்ஸ், மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏழு. இவற்றை வாரத்துக்குப் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

துரையின் மனைவி இங்கேதான் காய்ச்சலில் செத்தாளாம். உச்சி வேளையில் வெள்ளைக் கவுனோடு மரப்படியில் இறங்கி வருவாளாம். வேலைக்கு வந்த பத்து மாதமாக ஷரீபுன்னிசா அதே உச்சி வேளையில் அதே படியில் உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எந்தத் துரைசாணியும் வந்து 'கொஞ்சம் நகரு' என்று சொன்னதில்லை. பேய்க்குப் பயப்படுகிறவர்கள் மூளையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது அவளுடைய தீர்மானம்.

ஆனால் வீடு இருக்கும் தர்மபுரிக்கு மாறுதல் வேண்டும். விடிவதற்கு முன்னால் ஒரு பஸ், கடத்தூரில் இறங்கி இன்னொரு பஸ். திரும்பிப் போகும்போது ஐந்து வயது அமீனா, நாத்தனார் ஜான் பீயின் மடியில் தூங்கிப் போயிருப்பாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்தவர்களிடம் குழந்தை முதலில் ஜான் பீயையும் பிறகு அவளையும் காட்டித் தெளிவாக விளக்கியது: "இவங்க அம்மா. அவங்க பஸ் அம்மா." எல்லோரும் சிரித்தார்கள். ஷரீபுன்னிசாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

குழந்தையைக் காரணம் காட்டி எழுதிய விண்ணப்பம், 'குடும்பக் காரணங்கள் ஏற்பதற்கில்லை' என்று திரும்பி வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அடுத்ததை எழுதினாள்: 'பேய் நடமாட்டத்தால் பணி செய்ய இயலவில்லை.' குழந்தையை நம்பாத அலுவலகம் பேய்க்கு உடனே பதில் போட்டது.

சாட்சிக்கு முதலில் காவலாளி வீரனைக் கூப்பிட்டாள். சித்தேரி மலைக்காரர். பங்களாவில் இருபது வருடமாக இருப்பவர்.

"வீரண்ணே, அந்தத் துரைசாணியை நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கணுங்களா?"

"பாத்ததா ஒரு தாள்ல எழுதி..."

"எங்க வெக்கணுங்க?" என்றார். கட்டைவிரல் ஏற்கெனவே மைப்பெட்டியில் இருந்தது.

வளைந்து கொடுக்கும் இந்த மனிதர்களை நினைத்து அவளுக்கு இளக்காரமாக இருந்தது. வளைக்கிற கை தன்னுடையது என்பதை நினைக்காமல் இருக்க, அடுத்த தாளை எடுத்தாள்.

பெருக்குகிற குள்ளம்மாள் அவ்வளவு லேசில் மசியவில்லை. முழுக் கதையையும் கேட்டாள். போதாது என்று துரைசாணியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தையையும் ஏற்றி வைத்தாள்.

"குழந்தை எதுக்கு, குள்ளம்மா?"

"வெறும் பொம்பளையப் பாத்து எவம்மா பயப்படுவான்? எங்க வூட்டுக்காரனே பயப்பட மாட்டேங்கறான்."

தான் கொடுத்த சாட்சியைக் குள்ளம்மாள் கடத்தூர் சந்தையிலும் ஒருமுறை சொன்னாள். மறுநாள் இருநூறு பேர் வந்தார்கள். நடுகல்லுக்கு மஞ்சள் பூசினார்கள். துரையின் பூட்ஸுக்குள் எலுமிச்சம்பழம் போட்டார்கள்.

"இந்தக் கல்லு எண்ணூறு வருசத்துதுங்க, இதைப் பாருங்க," என்றாள் ஷரீபுன்னிசா.

"அது கெடக்குதுங்க. பேய் எத்தன மணிக்கு?"

இவ்வளவு கூட்டம் வருகிற இடத்திலிருந்து யாராவது மாறுதல் கொடுப்பார்களா? பயந்துபோய் மரப்படிக் கதவைப் பூட்டி, 'மேலே செல்லத் தடை' என்று அட்டை மாட்டினாள். கூட்டம் நானூறு ஆனது. ஒன்றும் இல்லாமலா பூட்டுவார்கள்?

மூன்றாம் நாள் வாசலில் நின்று சொன்னாள்: "பேய் போயிடுச்சுங்க. இனிமே வராது. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

"எப்படிங்க போச்சு?"

"நான் போகச் சொன்னேன், போயிடுச்சு," என்றாள் எரிச்சலில்.

கூட்டம் கலைந்தது. அப்பாடா என்று இருந்தது. அது ஒரு ராத்திரிக்குத்தான்.

மறுநாள் காலையில் மொரப்பூரிலிருந்து தங்கம்மாள் என்ற பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது பெண்கள், முப்பது குழந்தைகள்.

"பயந்த கோளாறுங்க. நாலு நாளா தூங்கல. ஓதி ஊதி வுடுங்க, பாயம்மா."

"அதெல்லாம் பள்ளிவாசல்ல அசரத்துகிட்டப் போய்க் கேளுங்க. நான் கவர்மென்ட் உத்தியோகம். எம்.ஏ. வரலாறு."

"படிச்சவங்க ஊதுனா இன்னும் நல்லாக் கேக்குமுங்க. பேயையே தொரத்துனவங்க நீங்க."

குழந்தை வீறிட்டு அழுதது. நிறுத்த வேறு வழி தெரியாமல் வாங்கித் தோளில் சாய்த்து, சூடான பாலை ஆற்றுவது போல அதன் நெற்றியில் ஊதினாள். அமீனாவின் வயதுதான் இருக்கும். விசும்பல் மெல்ல அடங்கியது. கழுத்தில் மூச்சுக் காற்று சீராகப் பட்டது. தூங்கிவிட்டது. பத்து மாதத்தில் அவள் தோளில் தூங்கிய முதல் குழந்தை. தன்னைப் போல ஒரு ஏமாற்றுக்காரி இந்த ஜில்லாவில் இல்லை என்று நினைத்தாள். ஆனாலும் கையைத் தளர்த்தவில்லை.

"இவ்ளோ நேரம் ஊதணுங்களா?" என்றாள் தங்கம்மாள் பயபக்தியோடு.

அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து மேலதிகாரி குப்புராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். குழந்தைகளின் வரிசையைத் தாண்டி, பூட்ஸிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்து முகம் சுளித்து, அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. பேய்னு எழுத உனக்குக் கை கூசல?"

"கூசுச்சு சார். குழந்தைன்னு எழுதினப்பக் கூசல. அதை நீங்க ஏத்துக்கல."

"அப்ப இதெல்லாம் பொய்?"

"பொய்தான் சார். துரைசாணி, சாட்சி, எல்லாமே. நான் வேற ஒண்ணும் கேக்கல, சார். என் பொண்ணு முழிச்சிருக்கறப்ப நான் வீட்டுல இருக்கணும்."

குப்புராஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மாறுதல் கிடையாது. பொய்ச் சாட்சி தயாரிச்சதுக்கு மெமோ வரும். அஞ்ஞானத்தைப் போக்கத்தான் அருங்காட்சியகம் வெச்சிருக்கோம். என் சர்வீஸ்ல இப்படியொரு கேவலத்தை நான் பாத்ததே இல்ல."

ஷரீபுன்னிசா சுவரைப் பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இனி எல்லா நாளும் அந்தக் கடைசி பஸ்தான்.

அப்போது வீரன் டீயோடு உள்ளே வந்தார். டம்ளரை மேசையில் வைத்தவர், அதிகாரியின் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"சாருக்கு என்னைத் தெரியலீங்களா? பதினாறு வருசத்துக்கு முன்ன, மெட்ராஸ் மாறுதலுக்காக இந்தத் துரைசாணிப் பேயை நீங்க மொதமொதல்ல எழுதுனப்ப, பாத்தேன்னு கைநாட்டு வெச்சவன் நான்தானுங்களே."