எண்ஞானியின் காப்புப் பட்டை

வண்டிகளுக்கெல்லாம் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது.

போனைத் திறந்தால் போதும். புதுக் காரின் முன்னால் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். காரின் நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் நீல நிறத்தில் ஒரு பட்டை. பட்டையின் நடுவில் உருட்டி விழிக்கும் ஒரு கண். பைக்குக்குப் பட்டை, பள்ளிக்கூட வேனுக்குப் பட்டை. பேரனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்கும் பட்டை ஒட்டி ஒரு பெரியவர் படம் போட்டார். அதுக்கு நம்பரே கிடையாதே என்று யாரோ கேட்டதற்கு, "நாளைக்கு வந்தா?" என்று திருப்பிக் கேட்டார். என்ன ஒரு முன்யோசனை! வீட்டு முகவரி, பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், குடும்பத்தோடு வெளியூர் போகும் தேதி எல்லாவற்றையும் அதே படத்துக்குக் கீழே எழுதிவைத்தவர்கள், நம்பரை மட்டும் பொத்திப் பொத்தி வைத்தார்கள்.

இத்தனைக்கும் காரணகர்த்தா, எண்ஞானி என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்ட ஒருவர். அதற்கு முன்னால் அவர் கார்களுக்கு சீட் கவர் விற்றுக்கொண்டிருந்தார். கவர் போடும் தொழிலை விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. சீட்டிலிருந்து நம்பருக்கு மாறினார், அவ்வளவுதான். ரோட்டில் பார்க்கிற கண் வண்டியோடு ஓடிவிடும். போனில் பார்க்கிற கண் நம்பரில் வந்து ஒட்டிக்கொள்ளும். இது அவர் கண்டுபிடித்த தத்துவம். ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் கண். அந்தப் பாரம் தாங்காமல் வண்டி எதிலாவது போய் முட்டும். பரிகாரம், காப்புப் பட்டை. பணம் கட்டினால் போனுக்கு வந்துவிடும், படத்தில் நம்பருக்கு மேல் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்தி இறங்கிவிடும். பட்டையின் அடியில் பொடி எழுத்தில் எண்ஞானியின் போன் நம்பர் இருக்கும். ஆக, ஊரே தன் நம்பரை மறைத்து அவர் நம்பரை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. அதுவும் கைக்காசைப் போட்டு.

இந்தக் கூத்தில் வசமாக மாட்டிக்கொண்டவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி.

பல வருஷம் பஸ்ஸில் தொங்கியபிறகு அவளும் கணவனும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார்கள். சந்தோஷம் தாங்காமல் அவள் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்று, ஒரு படம் எடுத்துப் போட்டாள். பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதே வாரம் கணவன் காரைக் கொண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்தில் சாத்தினான். காரின் மூஞ்சி போயிற்று. அவனுக்கு ஒரு கால் முறிந்தது.

மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஊருக்கெல்லாம் நம்பரைக் காட்டினியே, இப்போ மனசு குளுந்துதா?"

"அத்தை, நான் சும்மா ஒரு போட்டோ..."

"சும்மாவா? என் பிள்ளை காலைப் பாரு. சும்மாவாம்ல!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். மாவுக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு பக்கத்து வீட்டில் புது ஸ்கூட்டர் வந்தபோது, அவள் படியிறங்கும் சத்தம் கேட்டாலே அதன்மேல் துணியைப் போட்டு மூடினார்கள். கடையில் அவள் ஒரே லென்ஸையே இரண்டு தடவை போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டாள். நாமே நம் புருஷன் காலை உடைத்துவிட்டோமோ? படித்த பெண்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால், படிப்பு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மாமியார் அதோடு விடவில்லை. எண்ஞானி நடத்தும் கூட்டத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டார்.

"நம்பரைக் காட்டினவங்களே மேடையில ஏறி, நான்தான் காட்டிக் கொடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம். அப்போதான் பிடிச்சது விடுமாம். வண்டி நம்பரைப் படம் எடுத்து இப்பவே அவருக்கு அனுப்பிடு. கூட்டத்துக்கு இன்னும் நாள் கிடக்கு, ஆனா எண் ஊறணுமாம்."

அண்ணனைப் பார்க்க அன்றைக்கு நாத்தனார் வந்திருந்தாள். அவள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவள். அம்மா சமையலறைக்குப் போனதும் அண்ணியிடம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"எண் ஊறணுமா? என்ன அண்ணி, அது என்ன கடலையா?"

"கிண்டல் பண்ணாதே. நம்பரைப் பாத்தே வண்டி என்ன கலர், எங்க அடிபட்டுச்சு, வீட்ல என்ன கஷ்டம்னு புட்டுப் புட்டு வைக்கிறாராம். எங்க கடைக்கு வர்றவங்களே சொல்றாங்க."

"நானும்தான் தினமும் நொறுங்கின வண்டிய நம்பரோட படம் எடுக்கிறேன். பட்டை ஒட்டின வண்டியும்தான் நசுங்கி வருது. மோதுறதுக்கு முந்தின நாள் போட்ட படத்துல பாத்தா அந்தக் கண்ணு நல்லாத்தான் முழிச்சுக்கிட்டு இருக்கு. இருங்க, ஒண்ணு காட்டுறேன்."

அவள் போனை எடுத்து அண்ணன் காரின் நம்பரைத் தேடினாள். முதலில் வந்தது, முந்தைய சொந்தக்காரர் காரை விற்கப் போட்ட பழைய விளம்பரம். வெள்ளை நிறம், பின்கதவில் கீறல், வேலை போனதால் விற்கிறேன் என்பதுவரை அதில் இருந்தது. அடுத்து வந்தது கண்ணாடிக்காரி போட்ட படம்.

"இதான் அண்ணி அவரோட ஞானம். நாம தேடினா தேடல். அவர் தேடினா ஞானம்."

கண்ணாடிக்காரி அந்தத் திரையையே கொஞ்சநேரம் பார்த்தாள். மாவுக்கட்டு வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்போ நாம தப்பா எழுதி வெச்சா, அவரும் தப்பாத்தானே சொல்லணும்?"

"அண்ணி!" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கண்ணாடிக்காரி, லென்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்தாள். வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் ஒரு நம்பர் எழுதினாள். எந்த வண்டிக்கும் கொடுக்கப்படாத நம்பர் அது. நாத்தனார் வாகனப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்திருந்தாள். பிறகு கண்ணாடிக்காரி பழைய வண்டி விற்கும் இணையப் பக்கத்தில் அந்த நம்பரோடு ஒரு விளம்பரம் போட்டாள். பச்சை நிறக் கார். ரிவர்ஸ் எடுக்கும்போது தாய்மாமன் வாசல் கேட்டுத் தூணில் இடித்துவிட்டார். அன்று முதல் வீட்டில் சண்டை, மகளின் கல்யாணமும் நின்றுபோனது, ஆகவே விற்கிறோம். பொய் எழுதுவது இவ்வளவு சுகமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எண்ஞானி ஏன் சீட் கவரை விட்டார் என்பதும் விளங்கியது. தேடினால் அந்த விளம்பரம் முதலில் வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, அட்டையை நெருக்கமாகப் படம் எடுத்து எண்ஞானிக்கு அனுப்பினாள். மாமியாரிடம், "அனுப்பிட்டேன் அத்தை" என்றாள். அது பொய்யில்லை.

கூட்டத்தன்று மண்டபம் பிதுங்கியது. உட்கார இடமில்லாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். எண்ஞானி நீல உடையில் வந்தார். மார்பில் அதே கண். ஒருவரிடம் வண்டி நிறத்தைச் சொன்னார், இன்னொருவரிடம் எப்போது வாங்கியது என்றார். ஒவ்வொன்றுக்கும் மண்டபம் மொத்தமும் "ஆ!" என்றது. தன் வண்டியின் நிறத்தைத் தானே காசு கொடுத்துக் கேட்டு அதிசயப்படுகிற கூட்டத்தை வேறெங்கே பார்ப்பது?

கண்ணாடிக்காரியின் முறை வந்தது. அவள் மாமியாரோடு மேடை ஏறினாள். கணவன் ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எண்ஞானி கண்களை மூடினார்.

"பச்சை... ஒரு பச்சை வண்டி தெரியுது."

"எங்க வண்டி வெள்ளையாச்சே, ஐயா!" என்றார் மாமியார்.

எண்ஞானி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "மேலுக்கு வெள்ளையம்மா. அதோட உயிர் பச்சை."

"ஆ!" என்றது மண்டபம்.

"ஒரு தூண் தெரியுது. கேட்டுத் தூண். தாய்மாமன் பின்னால எடுத்துக்கிட்டு வர்றாரு. இடிச்சிடுச்சு!"

"என்கூடப் பிறந்த ஆம்பளையே கிடையாதுங்களே! எங்க வண்டி முன்னாலதான் போய் மோதுச்சு. அதுவும் விளக்குக் கம்பத்துல!"

"வீட்ல பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோச்சு..."

"யாருக்குங்க? என் பொண்ணு அதோ புருஷனோட நிக்கிறா!"

மண்டபத்துக்கு இந்தமுறை "ஆ" வரவில்லை. கண்ணாடிக்காரி மைக்கை வாங்கினாள். பையிலிருந்து அட்டையை எடுத்து உயரத் தூக்கினாள்.

"ஐயா சொன்ன பச்சை வண்டி இதுதாங்க. நான் கத்தரிக்கோலால வெட்டினது. எல்லாரும் போன்ல இந்த நம்பரைத் தேடிப் பாருங்க."

நூற்றுக்கணக்கான தலைகள் குனிந்தன. பின்வரிசையில் ஒரு லாரிக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"தாய்மாமன், கேட்டுத் தூணு, நின்னுபோன கல்யாணம்... எழுத்துப் பிசகாம அப்படியே இருக்குய்யா!"

"நம்பிக்கை இல்லாதவங்க இருக்கிற இடத்துல எண் பேசாது!" என்றார் எண்ஞானி.

"சரி ஐயா. என் நாத்தனார் வண்டி வாசல்ல நிக்குது. அவ படமே போட்டதில்ல. நம்பரைச் சொல்றேன், கலரை மட்டும் சொல்லுங்க."

"அது... எண் ஊறணும்."

"ஊறினது போதும்யா, நாறிப்போச்சு!" என்று லாரிக்காரர் கத்தினார். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"தினமும் கண்ணு டெஸ்ட் பண்றவ நான்," என்றாள் கண்ணாடிக்காரி. "சுவத்துல இருக்கிற நாலாவது வரியவே படிக்க முடியாம பாதிப் பேரு திணறுறீங்க. அந்தக் கண்ணு போன் வழியா போய் என் புருஷன் காலை உடைச்சிடுச்சாம். அதை நானும் நம்பினேன் பாருங்க, அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

மாமியார் நடுமேடையில் திகைத்து நின்றார். "அப்போ என் பிள்ளை கால் எப்படிடீ உடைஞ்சுது?"

எல்லோருடைய பார்வையும் முன்வரிசைக்குப் போனது. அவன் ஊன்றுகோலைத் தடவினான். தங்கை வந்து பக்கத்தில் நின்று, "சொல்லு அண்ணே" என்றாள்.

"போட்டோவுக்கு எத்தனை லைக் வந்திருக்குன்னு பாத்துக்கிட்டே ஓட்டினேன்," என்றான் அவன், மெதுவாக.

"அதைச் சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டாள் மனைவி.

"அம்மா உன்னைத் திட்டினாங்க. என்னைத் திட்டலை. அப்படியே இருந்துட்டேன்."

அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். கோபம்தான் வந்தது.

"காலுக்கு டாக்டர் கட்டுப் போட்டாரு. வாய்க்கு யாரு போட்டா?"

மைக்கை மாமியார் கையில் வைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். மாமியார் கொஞ்சநேரம் மகனையும், கொஞ்சநேரம் மைக்கையும் பார்த்தார். பிறகு மைக்கிலேயே மகனைத் திட்ட ஆரம்பித்தார். அந்த இரைச்சலில் எண்ஞானி பின்வாசல் வழியாகப் போனதை யாரும் கவனிக்கவில்லை. நிகழ்காலத்தை அவர் சரியாகக் கணித்த ஒரே சந்தர்ப்பம் அது.

மறுநாளே பட்டைகள் காணாமல்போயின. ஒருவர் மட்டும் நாத்தனாரைப் பிடித்து, "இந்த மாசத்துக்குக் கட்டியாச்சே, மாசம் முடியிற வரைக்கும் ஒட்டிக்கலாமா?" என்று கேட்டாராம்.

மாமியார் சில நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி, இனிமே போட்டோ போட்டா நம்பரை மறைக்கணுமா வேணாமா? அதைச் சொல்லு," என்றார்.

"மறைக்கலாம் அத்தை, தப்பில்ல. கண்ணுக்குப் பயந்து இல்ல. அந்த நம்பரை வெச்சு எவனோ ஒருத்தன் நம்ம கதைய நமக்கே விக்கிறானே, அதுக்காக. ஆனா மறைச்சுட்டோம்னு போனைப் பாத்துக்கிட்டே ஓட்டினா, கம்பம் ஒதுங்கி நிக்காது."

வண்டியின் எண்ணை மறைப்பதும் மறைக்காததும் அவரவர் விருப்பம். எண்ணிப் பார்ப்பதற்கு மட்டும் மூடி போட்டுவிடாதீர்கள். அதைத் திறந்துவிட எந்த ஞானியும் வரமாட்டான், மூடத்தான் வருவான்.