பதினேழு நாள் மூத்தவர்

முந்திவந்தவர் என்று ஓர் இனம் உண்டு. உயிரியல் புத்தகத்தில் தேடாதீர்கள். புதிதாக ஆட்கள் வந்து இறங்கும் இடம் எதுவோ அங்கே போய்ப் பாருங்கள். வயதில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை, படிப்பில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு முந்தைய வண்டியில் வந்தவராக இருந்தால் போதும். அந்த ஒரு வண்டி வித்தியாசத்தை மூலதனமாக வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உங்களுக்கு எத்தனை காலம் வழிகாட்ட முடியும் என்று நினைக்கிறீர்கள்? ஆயுள் முழுக்க. நீங்கள் விட்டால்.

இந்த இனத்தில் பல கிளைகள் இருந்தாலும், பாஷை தெரியாத தேசத்துக்குப் படிக்கப் போகும் மாணவர்களிடையே தழைக்கும் கிளைதான் செழிப்பானது. காரணம் எளிது. மற்ற இடங்களில் முந்திவந்தவர் உளறினால் பக்கத்தில் நிற்பவர் திருத்திவிடுவார். அங்கே திருத்துகிறவர் பேசுவதும் புரியாது.

நம்மவரை 'சீனியர்' என்றே அழைப்போம். அவருக்கும் அதுதான் பிடிக்கும். பாலம் கட்டுவதைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வந்தவர். வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினேழு நாளில் உள்ளூர் பாஷையில் பதினொரு சொற்கள் கற்றிருந்தார். அவற்றில் நான்கு, எண்கள். மீதியில் 'ஆமாம்', 'நன்றி', 'ரொம்ப நல்லது' ஆகிய மூன்றையும் எந்தப் பேச்சிலும் எந்த இடத்திலும் செருகலாம் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. 'இல்லை' என்ற சொல்லும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் ஏதோ திருப்பிக் கேட்டுப் பேச்சை வளர்க்கிறார், 'ஆமாம்' என்றால் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார். ஆகவே 'இல்லை' என்பதை அவர் தள்ளிவைத்துவிட்டார்.

வந்து இறங்கிய அன்று விடுதி வாசலில், இழுக்க வேண்டிய கதவை அரைமணி நேரம் தள்ளிக்கொண்டு நின்றதும், உள்ளேயிருந்து யாரோ திறந்தபோது அது நேராக மூக்கில் வந்து இடித்ததும், கடையில் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று நாள் வெறும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றதும், நாலாம் நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுததும் அவருக்கு மட்டுமே தெரிந்த வரலாறு. இதையெல்லாம் பின்னால் வருகிறவர்களிடம் சொல்லியிருந்தால் அவர்களுக்கு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும். சொல்வாரா? முந்திவந்தவர் எதைச் சொன்னாலும் சொல்வாரே தவிர, உருப்படியானதைச் சொல்ல மாட்டார்.

பதினேழாம் நாள் காலையில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். மண்ணைப் பற்றிப் படிக்க வந்தவள். 'மண்ணைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம வீட்டு வாசல்ல இல்லாத மண்ணா' என்று சித்தப்பா ஒருவர் கேட்டதையும் மீறி வந்தவள். அவள் வரப்போவது நம் மாணவர்களும் பெற்றோர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தெரிந்ததுமே, பஸ் நிறுத்தத்துக்குத் தானே போவதாக சீனியர் அறிவித்துவிட்டார். அவளுடைய இரண்டு பெட்டிகளில் சிறியதை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"எதுக்கும் கவலைப்படாதம்மா. நான் இருக்கேன்."

"ரொம்ப நன்றிண்ணா. நீங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது ஆச்சு," என்றார் சீனியர். "இங்க ஆங்கிலம் செல்லாக்காசு, தெரிஞ்சுக்கோ. அப்புறம், போன்ல மொழிபெயர்ப்பு பாக்கற வேலையே வேண்டாம். அது தப்புத் தப்பா சொல்லும். எதுன்னாலும் என்னைக் கேளு."

அவள் அவரைவிட ஒன்றரை வயது மூத்தவள். அது பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த பிறகும் 'அண்ணா'வை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

விடுதிக்குள் போனதும் அவளுடைய அம்மா வீடியோவில் வந்தார். சீனியரைத் திரையில் கண்டதும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, நீங்க இருக்கறதாலதான் இன்னிக்கு எனக்குச் சோறு இறங்குது" என்றார். பாருங்கள், ஒரு தாய் இப்படிச் சொன்ன பிறகு, 'அம்மா, எனக்கே இங்கே ஒன்றும் புரியவில்லை' என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? நல்ல மனிதன் சொல்லிவிடுவான். சீனியர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஊரே நமக்குப் பழக்கம்தாம்மா" என்றார்.

பிறகு உபசாரத்துக்கு டீ போட்டார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, பால் புளிச்சுப்போச்சு போல இருக்கே."

"இந்த ஊர்ப் பால் அப்படித்தான்மா. பசுவுக்குப் போடற தீனி வேற. ஒரு வாரத்துல பழகிடும்."

மறுநாள் அவள் தனியாகக் கடைக்குப் போய், ஒவ்வொரு டப்பாவின் மேலிருந்த படத்தையும் பொறுமையாகப் பார்த்து, பக்கத்துத் தட்டிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்து வந்தாள். அதில் இருந்தது பால். சீனியர் இத்தனை நாளாக டீயில் ஊற்றிக்கொண்டிருந்தது மோர். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. புளிக்காத டீயை ஒரு கோப்பை அவருக்கும் கொடுத்தாள். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, "இது விலை ஜாஸ்தி, தினப்படிக்குச் சரிப்படாது" என்றார். தோற்றதை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர் இந்த இனத்தில் பிறப்பதே இல்லை.

இதுவரை சேதாரம் வயிற்றோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை அது பதிவு அலுவலகம் வரை வந்தது.

புதிய மாணவர்கள் அந்த வாரத்துக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சீனியர் கூடவே கிளம்பினார். வரிசை எண் வாங்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதில் இருவருக்கும் இருபது நிமிடம் போயிற்று. ஐந்து பொத்தான்களில் நான்கை சீனியர் அமுக்கினார், ஐந்தாவதை அவள் அமுக்கினாள், அதுதான் சரியானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு நடுவயது அம்மாள் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, சரிபார்த்து, ஒரு தாளில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவளையும் பார்த்தார், சீனியரையும் பார்த்தார். ஏதோ கேட்டார்.

அந்த நீள வாக்கியத்தில் சீனியருக்குத் தெரிந்த பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கத்தில் அந்தப் பெண் அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"ஆமாம்," என்றார் உள்ளூர் பாஷையில்.

அம்மாள் இன்னொன்று கேட்டார், கொஞ்சம் மெதுவாக.

"ஆமாம், ஆமாம்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலில் ஒரு எச்சரிக்கையோடு, மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லது. நன்றி."

"என்னண்ணா கேக்கறாங்க?" என்றாள் அவள் மெல்ல.

"ஒண்ணுமில்லம்மா, வழக்கமா கேக்கறதுதான். ஊர் புடிச்சிருக்கான்னு கேக்கறாங்க."

அவளும் அந்த அம்மாளைப் பார்த்துப் புன்னகைத்தாள். அம்மாள் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு தாளை நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. வெளியே வரும்போது சீனியர், "பாத்தியா, நான் தனியா வந்தப்போ இதுக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்றார். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்ன உண்மை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், சாவிக்கொத்தோடு விடுதிக் காவலர். அவருக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், ஒரு சுருட்டிய மெத்தை, இவற்றோடு உள்ளூர்க்காரி போல ஒரு நெட்டைப் பெண். காவலர் ஒரு தாளை நீட்டினார். பேசினார். அறையைக் காட்டினார், நெட்டைப் பெண்ணைக் காட்டினார், கடைசியில் வாசற்பக்கம் கையை நீட்டினார். அந்தக் கைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவள் வீட்டைவிட்டு வந்து ஆறு நாள்கூட ஆகவில்லை. ஊரில் ஒரு மனிதரைத் தெரியாது. உடனே போன் செய்தாள், யாருக்கு? அவருக்குத்தான்.

சீனியர் தலைவாரிக்கொண்டு நிதானமாக வந்தார். தாளை வாங்கி, மேலிருந்து கீழே ஒரு முறை கண்ணை ஓட்டினார்.

"இங்க எப்பவும் இப்படித்தான். ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுத்துடுவாங்க. நிர்வாகம் சரியில்ல. நான் பேசறேன்." காவலர் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லது" என்றார்.

காவலர் தலையசைத்து, உள்ளே வந்து அவளுடைய பெரிய பெட்டியைத் தூக்கினார்.

அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. அவள் காவலரின் வழியை மறித்து நின்றுகொண்டு, விமானத்தில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னாள்: 'எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.' இந்த ஊரில் கால் வைக்கிற எவருக்கும் முதலில் வேண்டிய வாக்கியம் அது. நம்மவருடைய பதினொன்றில் அதற்கு இடம் இருக்கவில்லை.

காவலர் பெட்டியைக் கீழே வைத்தார். நெட்டைப் பெண் முன்னால் வந்து, திக்கித் திணறி, ஆனால் தெளிவாக, ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீதானே அறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய்?" அதே சமயம் இவள், சீனியர் கையிலிருந்த தாளின்மேல் தன் போனைப் பிடித்தாள். விலக்கப்பட்ட அந்த மொழிபெயர்ப்பு, தப்பில்லாமல் சொல்லிற்று: மாணவியின் முழுச் சம்மதத்துடன் அறை திரும்பப் பெறப்பட்டது.

அவளும் நெட்டைப் பெண்ணும் அலுவலகத்துக்குப் போனார்கள். சீனியரும் போனார், போகாமல் இருக்க அவர் சொன்ன காரணத்தை அவள் காதில் வாங்கவில்லை. சங்கிலிக் கண்ணாடி அம்மாள் அவரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அம்மாள் சொன்னதை நெட்டைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இவர் உன் அண்ணனா, இந்த ஊரிலேயே குடியிருப்பவரா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அவர் வீட்டிலேயே தங்கப்போகிறாயா, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றேன், ஆமாம் ஆமாம் என்றார். திரும்ப இந்த வருஷம் கிடைக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். இதைச் சொல்லிவிட்டு அம்மாள் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, காலரைத் தொட்டு, மாடு போலத் தலையை மூன்று முறை ஆட்டிக் காட்டினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சீனியருக்கு முழுக்கப் புரிந்தது.

காலி அறை ஒன்றும் இல்லை. அம்மாள் கையை விரித்தார். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சற்று நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்த நெட்டைப் பெண், இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டி அம்மாளிடம் ஏதோ கேட்டாள். அம்மாள் யோசித்தார், பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தார். அந்த அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருந்தது. அன்று பகலிலேயே காவலர் ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். ஒரு மாதத்தில் அவள் அந்த நெட்டைப் பெண்ணிடம் பேசிப் பேசியே, வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கிற அளவுக்குப் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆனால் அது பிறகு. அந்த வெள்ளிக்கிழமை திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள்:

"அண்ணா, அன்னிக்கு அவங்க கேட்டது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

சீனியர், "புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

"புரியலன்னு சொல்லியிருக்கலாமே."

"நீ என்னையே பாத்துட்டு இருந்தியே."

பாவம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் ஒரு கணம் தோன்றிற்று. அவர் மட்டும் அந்த இடத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் விடுதி வாசல் வருவதற்குள் அவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. "ஒரு விதத்துல நல்லதாப் போச்சும்மா. கூட ஒரு உள்ளூர்ப் பொண்ணு இருந்தா உனக்குப் பாஷை சீக்கிரம் வரும். நானே அதைத்தான் யோசிச்சேன்." அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில், 'புதிதாக வருகிறவர்களுக்கு அறையும் மொழிப் பயிற்சியும் சேர்த்து ஏற்பாடு செய்த அனுபவம் உண்டு' என்று எழுதினார். அதற்கு ஒன்பது பேர் கைகூப்பினார்கள். ஒன்பதில் ஒன்று, அவளுடைய அம்மா. மகள் நடந்ததைச் சொன்ன பிறகும். 'ஏதோ புள்ள நல்ல மனசோடதானே செஞ்சுச்சு' என்றாராம்.

நல்ல மனசு. உலகத்தில் பாதி சேதாரத்துக்கு மேலே இந்த முத்திரைதான் குத்தியிருக்கிறது.

இப்போது நீங்கள், 'எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. போன மாதம் ஆஸ்பத்திரியில், நீங்கள் வந்து நாலே நிமிடம் ஆகியிருந்தபோது, உங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் எக்ஸ்ரே கவரோடு வந்து, 'இதை எங்கங்க குடுக்கணும்' என்று உங்களைக் கேட்டார். தெரியாது என்ற நாலெழுத்து உங்கள் வாயில் வரவில்லை. கையை நீட்டி, கடைசியில் இருந்த ஏதோ ஒரு ஜன்னலைக் காட்டினீர்கள். அவரும் 'நல்லா இருங்க தம்பி' என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அது மருந்து கொடுக்கிற ஜன்னல். மத்தியானம் வரை அங்கேதான் நின்றார்.