மூன்றாவது கூடத்தை ஒரே கேள்வியில் காப்பாற்றிய விவரம்

ஓபர்வைலர், ஜூலை 7

பெருமதிப்புக்குரிய அலோயிஸ் மாமாவுக்கு,

மருமகன் வென்டெலின் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் வால்புர்காவும் சுகம். வெந்நீர்க் குளியலில் உங்கள் முழங்கால் இளகியிருக்கும் என்று நம்புகிறோம்.

நம் பம்பு ஆலையின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் சார்பில் பத்தொன்பது வருடம் நீங்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது, "காகிதத்தப் பிரிக்காத மாப்ள. வெண்ணெ தடவின பிரெட்சல் வரும், சாப்பிடு. கடைசியில எல்லாரும் பாராட்டி மேசையத் தட்டுவாங்க, நீயும் தட்டு" என்றீர்கள். கோபிக்காதீர்கள், நான் பிரித்துவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் இருநூற்று ஏழாம் பக்கத்தில் நம் மூன்றாவது கூடத்தை மூடச் சொல்லியிருந்தது. அறுபத்தெட்டுப் பேர் வேலை மாமா, என்னுடையதும் சேர்த்து. ஹாம்பர்க் ஆலோசகர்கள் இரண்டு நாள் நேரில் வந்து பார்த்தார்களாம், ஓர் இயந்திரமும் ஓடவில்லையாம், ஓர் ஆளும் கண்ணில் படவில்லையாம்.

கூட்டத்தில் கையைத் தூக்கினேன். பிரெட்சல் மென்றுகொண்டிருந்த பதினோரு பேரும் நான் கழிவறைக்கு வழி கேட்கப்போகிறேன் என்றே நினைத்தார்கள்.

"என்னிக்கு வந்தீங்க?" என்றேன்.

"ஜூன் நாலு, வியாழன். மறுநாள் வெள்ளியும்" என்றார் ஆலோசகர் ஹின்ரிக்ஸ்.

"வியாழன் நற்கருணைப் பெருவிழாவாச்சே. ஊரே லீவு. வெள்ளியையும் சேத்துப் போட்டுக்கிட்டு எல்லாரும் ஏரிக்குப் போயிடுவோம்."

"ஹாம்பர்க்ல அப்படி ஒரு லீவே கிடையாதே" என்றார், முகம் வெளுத்து.

குழுத் தலைவர் டாக்டர் ஷ்டைகெர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நான் பவனியில விதானக் கம்பு பிடிச்சுக்கிட்டு ஆலை வாசல் வழியாத்தான் போனேன். மேல ஜன்னல்லேர்ந்து யாரோ கையாட்டினாங்க. அது நீங்கதானா?"

மாமா, மேசையை என்ன தட்டு தட்டினார்கள் தெரியுமா, காப்பிக் கோப்பையெல்லாம் குதித்தது. மூடும் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, சாதாரண வேலைநாளில், சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பி மறுபடி எண்ணும்படி ஆலோசகர்களிடம் சொல்லிவிட்டார் தலைவர். "இனிமே எல்லாரும் படிச்சுட்டு வரணும். கேக்கத்தான் உக்காந்திருக்கோம்" என்று எங்களுக்கும் ஒரு குட்டு. தலையாட்டும் குழுவின் காலம் மலையேறிவிட்டது மாமா. அதை ஏற்றிவிட்டவன் உங்கள் மருமகன்.

உங்கள் முழங்காலுக்கு எங்கள் பிரார்த்தனைகள், எனக்கு உங்கள் ஆசிகள்.

என்றும் பணிவுள்ள,
வென்டெலின்

பின்குறிப்பு: நல்லது நடந்தவன்தான் விருந்து வைக்கவேண்டும் என்பது நம் கூடத்து வழக்கமாயிற்றே. இன்று காலை எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, அறுபத்தெட்டுப் பேரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய், சுடச்சுட லெபர்கேஸ் இறைச்சித் துண்டு வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலட்டும் போட்டேன். ஒன்பதுக்குத் தொடங்கியது, முடியப் பதினொன்றரை ஆகிவிட்டது. நடுவில் வெளியூர்க்காரர் இருவர், கையில் எழுதும் அட்டையோடு, பசித்த முகமாக வந்தார்கள். ஆளுக்கு இரண்டு பன் கொடுத்தேன். "உள்ள யாரும் வேல செய்யலையா?" என்றார்கள். "இன்னிக்கு யாருங்க வேல செய்வா, கடுகு இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் என்றைக்கு வந்தீர்கள் என்று நான் எந்த வாயால் கேட்பேன்? மேசையை எப்போது தட்டவேண்டும் என்று மட்டும் உடனே எழுதுங்கள்.