விடுதலை அடைந்த சார்ஜர்

மின்சித்தர் வந்துவிட்டார்! எங்கிருந்து வந்தார், என்ன படித்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைவீதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே செருப்புக் கடை, நடுவில் பல் டாக்டர், உச்சியில் மின்சித்தர். பல்வலி என்று வந்தவர்கள்கூட கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொரு மாடி ஏறிவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறக்கும் முன்பே வரிசை செருப்புக் கடையைச் சுற்றி வளைந்து நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் பளபளவென்று ஒரு புதுப் போன். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. வீட்டில் இருந்த பழைய சார்ஜர், பழைய கேபிள் அத்தனையும் அந்தப் பைக்குள். பாம்பு பிடித்துக்கொண்டு வந்தவர்கள் மாதிரி பையின் வாயை இறுக்கிக் கட்டி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருப்பார்கள்.

சித்தரின் உபதேசம் ரொம்பச் சுருக்கம்.

"போன் சாகும். சார்ஜர் சாகாது. செத்த போனோட ஏக்கம் இருக்கே, அது வயர்லயே தங்கிடும். அதக் கொண்டுபோய்ப் புதுப் போன்ல சொருகுனா என்ன ஆகும்? ஏக்கம் உள்ள இறங்கும். இதுக்குப் பேருதான் குவாண்டம்."

குவாண்டம் என்றதும் கூட்டம் வேகவேகமாகத் தலையாட்டும். புரிந்த சொல்லுக்கு நம்மவர்கள் அவ்வளவு வேகமாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

அவரிடம் கறுப்பு நூலில் கட்டிய ஒரு செம்புக் குண்டு இருந்தது. அதை சார்ஜருக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். குண்டு நேராக ஆடினால் சுத்தம். வட்டமாகச் சுற்றினால் தோஷம். நீங்கள் கொண்டுபோனது எதுவானாலும் சுற்றும், கவலையே வேண்டாம். தோஷம் பிடித்த சார்ஜரை நீல டிரம்முக்குள் போட்டு அதற்கு 'விடுதலை' கொடுக்க வேண்டும். விடுதலைக்குக் கட்டணம். அப்புறம் சித்தர் கையால் 'உயிரூட்டிய' சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியது, கடை விலையைப்போல் மூன்று மடங்கு. அதை வீட்டு வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அதைத் தவிர வேறு எந்த சார்ஜரையும் போனில் சொருகவும் கூடாது. இந்த இரண்டு விதியையும் சேர்த்து மென்று விழுங்கிய மகானுபாவர்களில் நம் புயலும் ஒருவன்.

புயல் என்பது உடன் வேலை பார்க்கும் டெலிவரிக்காரர்கள் வைத்த பெயர். வண்டியை எடுத்தால் அப்படிப் பறப்பான். தவணையில் ஒரு புதுப் போன் வாங்கினான். வாங்கிய கையோடு, வீட்டில் இருந்த சார்ஜர் அத்தனையையும், மனைவியுடையதையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு போய் டிரம்மில் கொட்டிவிட்டு வந்தான்.

அன்றோடு புயல் ஓய்ந்தது. உயிரூட்டிய சார்ஜர் இரவெல்லாம் சொருகிக் கிடந்தும் பாதிக்கு மேல் ஏறாது. சித்தரிடம் கேட்டான். "நல்லதெல்லாம் மெதுவாத்தான் ஏறும்ப்பா" என்றார். இவனும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். மதியம் ஆனால் போன் கண்ணை மூடிவிடும். டெலிவரிக்காரனுக்குப் போன் அணைந்தால் விலாசமும் இல்லை, வழியும் இல்லை, வேலையும் இல்லை.

ஒருநாள் காய்ச்சல் மருந்து ஒன்றை ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எடுத்துப் போனான். கேட் அருகே போன் அணைந்தது. எந்த பிளாக், எத்தனாவது மாடி, ஒன்றும் தெரியவில்லை.

வாட்ச்மேன் நல்ல மனுஷன். "இந்தாப்பா, என் சார்ஜர சொருகிக்க. ரெண்டு நிமிஷத்துல உசுரு வந்துடும்" என்று நீட்டினார்.

புயல் ஓர் அடி பின்னால் போனான். "அண்ணே, இது எத்தன போன் பாத்திருக்கும்?"

"என்னா ஒரு மூணு இருக்கும். ஏன்?"

"மூணுமே செத்துருச்சா?"

வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சார்ஜரைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார்.

புயல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே மாடி ஏறினான். சரியான கதவு திறந்தபோது, தோளில் காய்ச்சல் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு தாய் நின்றாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் வீட்டில் போனுக்கு உயிர் வந்ததும் மேற்பார்வையாளர் அழைத்தார். "நாளைக்கு மதியத்துக்குள்ள நீ லாகின் பண்ணி ஒரு டெலிவரியாவது ஒழுங்கா முடிச்சிருக்கணும். இல்ல, ஐடி முடக்கம். வேற வேல பாத்துக்க."

புயல் நடந்ததைச் சொன்னான். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை. அந்தக் காய்ச்சல் மருந்து அவள் கையால் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்ததுதான்.

"ஏங்க, அந்த வாட்ச்மேன் அண்ணன் சார்ஜர நீட்டுனாரா இல்லையா?"

"நீட்டுனாரு."

"அப்புறம் என்ன நோவு உங்களுக்கு?"

"இல்லம்மா, அது மூணு போன் செத்த சார்ஜரு."

"அங்க ஒரு புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, நீங்க வயருக்கு ஜாதகம் பாத்துக்கிட்டு நின்னீங்களா!" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "போன் தவண யாரு கட்டுறது? வீட்டு வாடக யாரு கட்டுறது? ஒங்க சித்தரா?"

பிறகு அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, காலையில நானும் வர்றேன். அவரப் பாக்கணும்" என்றாள். வெள்ளி ஸ்டிக்கர் சார்ஜரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அத ஏன் எடுக்குற? வாசல் தாண்டக் கூடாது!"

"சித்தர்கிட்டதான காட்டப் போறேன்? ஒண்ணும் ஆகாது, படுங்க."

மனைவிக்கு மனசு மாறிவிட்டது என்று புயல் நிம்மதியாகப் படுத்தான். பாவம்.

காலையில் அவள் முதலில் மருந்துக் கடைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே மாடிக்கு வந்தாள். புயல் முன்பே வந்து இடம் பிடித்திருந்தான். போனில் சொட்டுச் சொட்டாக மிச்சம். சித்தர் சுழலும் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முன்வரிசையில், தினமும் தவறாமல் வரும் ரிட்டயர்டு டீச்சர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மனைவி பணிவாகக் கேட்டாள். "ஐயா, ஒரு சந்தேகம். சார்ஜர மூடி வச்சாலும் ஒங்க குண்டுக்குத் தெரியுமா?"

சித்தர் சிரித்தார். "மூடியா? செவுத்துக்கு அந்தப் பக்கம் வச்சாலும் தெரியும்மா. கடலுக்கு அடியில வச்சாலும் தெரியும்."

கூட்டம் கைதட்டியது. அவள் பையிலிருந்து நான்கு காகிதக் கவர்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்பு நிறக் கவர்கள், கொஞ்சம் பெரிய அளவு.

"எங்க கடை முதலாளியம்மா நாலு சார்ஜர உள்ள போட்டு ஒட்டி, கலச்சுக் குடுத்தாங்க. எதுல எது இருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்க சொல்லுங்கய்யா."

சித்தரின் முகம் அவிந்த பல்பு மாதிரி ஆனது. "இன்னைக்கு... நேரம் அவ்வளவா சரியில்ல" என்று இழுத்தார்.

அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் பக்தர்கள்தான். அவர்களே குழி வெட்டினார்கள். "சொல்லுங்க சாமி! இந்தம்மாவுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க!" என்று டீச்சரே முதலில் குரல் கொடுத்தார். வேறு வழியில்லாமல் குண்டு எழுந்தது.

முதல் கவர். குண்டு நேராக ஆடியது. "சுத்தம். பொறந்த கொழந்த மாதிரி!"

பிரித்தாள். மருந்துக் கடையின் மூலையில் பல வருஷமாகக் கிடந்து மஞ்சளாய்ப் பழுத்துப்போன சார்ஜர். யாரோ ஒருவர் இருமினார்.

இரண்டாவது கவர். குண்டு சுற்றோ சுற்று என்று சுற்றியது. "கடுமையான தோஷம்! பழசுலயும் பழசு!"

பிரித்தாள். அன்று காலை கடையில் வாங்கிய புதுச் சரக்கு, பில்லோடு.

மூன்றாவது கவரிடம் வந்தபோது சித்தருக்கு வியர்த்துவிட்டது. குண்டு தறிகெட்டுச் சுற்றியது. "ஐயையோ! இதுல போன் செத்திருக்கு! தண்ணில விழுந்து செத்திருக்கு! ஒடனே டிரம்முல போடுங்க!"

பிரித்தாள். வெள்ளி ஸ்டிக்கர் மினுமினுத்தது. சித்தரே உயிரூட்டி, சித்தரே விற்ற சார்ஜர்!

"காகிதம் தடுக்குது" என்றார் சித்தர் மெல்ல.

"செவுத்துக்கு அந்தப் பக்கம்னீங்களே சாமி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

டீச்சர் எழுந்து வந்தார். ஸ்டிக்கர் சார்ஜரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் சிவப்பாக ஒரு சின்னப் பூ.

"இது எம் பொண்ணு நகப்பூச்சுல போட்ட பூவாச்சே!" அவர் அதைத் தூக்கிக் காட்டினார். "அடையாளத்துக்குப் போட்டு வச்சிருந்தா. போன மாசம் நாந்தான் இந்த டிரம்முல போட்டேன். விடுதலைன்னு சொன்னீங்களேய்யா!"

"விடுதலையாகித்தான் டீச்சர், நேரா எங்க வீட்டுக்கு வந்துச்சு" என்றாள் மனைவி.

இரண்டு பேர் போய் டிரம்மைக் கவிழ்த்தார்கள். காலி. பின்பக்கத் திரையை இழுத்தார்கள். அங்கே சித்தரின் மச்சான் உட்கார்ந்து பழைய சார்ஜர்களைத் துணியால் துடைத்துத் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் பாய்ந்தது. சித்தர் படிகளில் உருண்டு பல் டாக்டர் அறைக்குள் புகுந்து, நாற்காலியில் படுத்து வாயைத் திறந்துகொண்டார். டாக்டர் எத்தனை பல்லைப் பார்த்தாரோ, மாடியிலிருந்து இறங்கியவர்கள் அத்தனையையும் உதிர்த்து எண்ணத் தயாராக நின்றார்கள்.

புயலுக்கு மட்டும் அதைப் பார்க்க நேரமில்லை. போன் கடைசியாக ஒரு முறை முனகியது. மதியம் நெருங்கிவிட்டது. மனைவி நான்காவது கவரைப் பிரித்து, முதலாளியம்மாவின் பழைய சார்ஜரை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் அதைத் தொடாமல் எட்டிப் பார்த்தான். "ஒண்ணும் ஆகாதுல்ல?"

"போனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதாங்க அது எடுத்துக்கும். பழசுன்னா மெதுவா ஏறும், அம்புட்டுத்தான். வயர் பிஞ்சு கம்பி தெரிஞ்சாலோ, தொட முடியாம சூடானாலோ தூக்கிப் போடுங்க. பேய்க்குப் பயந்து இல்ல, தீக்குப் பயந்து."

சொருகினான். டிங் என்றது போன். வெள்ளி ஸ்டிக்கரைவிட வேகமாகவே ஏறியது. லாகின் ஆனதும் ஒரு டெலிவரி வந்தது. புயல் அதை எடுத்துக்கொண்டான். அவமானத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத முடிச்சிட்டு அந்தப் புள்ள வீட்டுக்குப் போறேன். மன்னிப்புக் கேக்கணும்" என்றான்.

"கேளுங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க" என்று அந்த சார்ஜரையே அவன் பையில் திணித்தாள். "முதலாளியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் படி இறங்கப் போனபோது வரிசையில் நின்றிருந்த ஒருவர் துணிப்பையோடு ஓடிவந்து மறித்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா! ஒங்களுக்கு எப்படிம்மா இந்த சக்தி வந்துச்சு? எந்தக் கிழமைல பாப்பீங்க?"

"சக்தியா? கவர்ல போட்டு ஒட்டி ஒரு கேள்வி கேட்டேன்யா. நீங்களுந்தான் கேட்டிருக்கலாம்!"

கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேள்வி கேட்பதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லையே! ஓசியில் கிடைப்பதை நம் ஆட்கள் எப்போது மதித்தார்கள்? ஒரே ஒருமுறை யோசித்துத்தான் பாருங்களேன், மகாஜனங்களே. அதற்கு சார்ஜரே தேவையில்லை.