வெள்ளைத்தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர்

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு எங்கள் பள்ளிக்கு எக்ஸ்டெர்னலாக வந்த கெமிஸ்ட்ரி சாரே, நீங்கள் பொய் எழுதினீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பெயரைப் போடவில்லை. போடாவிட்டாலும் இது யாரைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் யார் மேல் எழுதினீர்களோ, அவனைப் போல ஒரு கிறுக்கன் கடலூர் மாவட்டத்தில் இதுவரை பிறந்ததில்லை. இன்னொருவன் பிறந்தால் மாவட்டம் தாங்காது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பள்ளியில் அவன் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட், நான் பக்கத்து ஃபிசிக்ஸ் லேப். செம்பின் நீல உப்புக்கு மயில்துத்தம் என்று பெயர், நாங்கள் அவனுக்கு வைத்த பெயரும் அதுதான். அட்டெண்டன்ஸில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான்.

உலகத்தில் எதற்கு என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்பதுதான் அவனுக்கு வியாதி. மனைவிக்குப் புடவை எடுக்கப் போன கடையில், "இது நிக்கல் பச்சை இல்லீங்க, இரும்புப் பச்சை. நிக்கல் பச்சை எடுத்துப் போடுங்க" என்றான். கடைக்காரர் அது ஏதோ புது டிசைன் என்று நினைத்து மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் கீழே அனுப்பினார். அவன் மனைவி கடைசியில் வெள்ளைப் புடவையோடு கோபமாக வெளியே வந்தார்.

கோபால்ட் உப்பில் நனைத்த காகிதப் பூ ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பான். காற்று காய்ந்திருந்தால் நீலம், ஈரமானால் ரோஸ். ரோஸ் என்றால் மழை. இவனுக்கு வியர்வை ஜாஸ்தி, அதனால் சித்திரை வெயிலிலும் பூ ரோஸாகவே இருந்தது. அதை நம்பி ஹெட்மாஸ்டர் ஒருமுறை விளையாட்டு விழாவைத் தள்ளிவைத்தார். அன்று அடித்த வெயிலில் மைதானத்தில் அப்பளம் காயவைத்திருக்கலாம்.

நாங்கள் இருவரும் சிதம்பரத்திலிருந்து தினமும் ஒரே பஸ். ஒரு சாயங்காலம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "ஏன் மச்சான், செம்பு உப்பு நீலமா இருக்கு, ஜிங்க் உப்பு மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றான்.

"எலக்ட்ரான் எல்லாம் பஸ்ல உக்காந்திருக்கிற ஆளுன்னு வச்சிக்க. செம்பச் சுத்தித் தண்ணி நின்னா, சீட்டு மேல கீழன்னு ரெண்டா பிரிஞ்சிடும். செம்புல மேல ஒரு இடம் காலி. கீழ இருக்கிறவன் வெளிச்சத்துல இருக்கிற சிவப்பத் தின்னுட்டு அங்க தாவுவான். சிவப்பு போச்சுன்னா மிச்சம் நீலம். ஜிங்க்ல எல்லா சீட்டும் ஃபுல்லு. எவன் எங்க தாவுறது? அதான் வெள்ளை. புரியலியா? இந்தா, பாரு!"

தாவியே காட்டினான். போய் உட்கார்ந்தது பெண்கள் சீட்டில்.

"யோவ், எறங்குய்யா!" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

"சிவப்பத் தின்னாம தாவிட்டேன் சார்" என்றான். பாதி வழியில் புதுச்சத்திரத்தில் இருவரையும் இறக்கிவிட்டார்கள். நான் தாவவே இல்லை.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், சாரே. பிராக்டிகல் நாளில் லேப் ஆள் ஜாடையில் உப்பைச் சொல்லிக்கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கம். மூக்கைத் தொட்டால் செம்பு, காதைத் தொட்டால் ஜிங்க். மயில்துத்தம் அந்த வேலைக்கு ஒப்பவே மாட்டான். ஆனால் நீங்கள் வந்த முதல் நாள் அவனுக்குக் கடுமையான சளி. மூன்று மணி நேரமும் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வெள்ளைப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு மொத்த பேட்ச்சும் செம்பு என்று எழுதிவைத்தது.

"வெள்ளையில செம்பு வருமாய்யா? நான்லாம் கலரப் பாத்தே சொல்லிடுவேன்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தீர்கள். அவனுக்கு உறைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே மயில்துத்த உப்பைப் பீங்கான் கிண்ணத்தில் வறுத்தான். தண்ணீர் ஆவியாகப் போக, நீலமும் போனது. கடலூர்க் காற்றில் ஈரம் ஏறிவிடும் என்று பாட்டில் மூடிக்கு மெழுகு ஊற்றினான். மறுநாள் காலையில் உங்களிடம் நீட்டினான்.

"கலரப் பாத்துச் சொல்லுங்க சார்."

"ஜிங்க். இது ஒரு கேள்வியாய்யா?"

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். தூள் நீலமானது.

"செம்புதான் சார். தண்ணி போனா மேல் சீட்டு கீழ எறங்கிடும். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தத் தின்ன மாட்டான், அதான் வெள்ளை. தண்ணி வந்தா மறுபடி நீலம்."

பையன்கள் கைதட்டினார்கள். உங்கள் முகம் கோபால்ட் பூவை விட ரோஸானது. பிறகு ரிப்போர்ட் எழுதினீர்கள்: உப்பில் கலப்படம், லேப் அசிஸ்டென்ட் பொறுப்பு. மெமோ வந்தது. பதவி உயர்வு நின்றது.

விசாரணை அதிகாரியிடம், "ஒரு கரண்டி குடுங்க சார், வறுத்துக் காட்டுறேன்" என்றான் இவன்.

"ஆபீஸ்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாது" என்றார் அவர்.

அடுத்து என்னைக் கேட்டார். சிதம்பரத்துக்கு மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேஜையில்தான் கிடந்தது. "நான் ஃபிசிக்ஸ் சார். சரியா பாக்கல" என்றேன்.

மாற்றலும் வரவில்லை.

வெளியே வந்ததும் அவன் சொன்னது இவ்வளவுதான்: "வுடு மச்சான். ஃபிசிக்ஸ்காரனுக்குக் கலர் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்." மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்காகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். இன்று வரை பிடிக்கிறான்.

இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறான். சர்வீஸ் புத்தகத்தில் கலப்படக்காரன் என்றே வெளியே போகப்போகிறான். அதனால் முதலில் நான் சொல்கிறேன்: நான் பார்த்தேன். பக்கத்தில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்று பொய் சொன்னேன்.

இப்போது நீங்கள், சாரே. அந்தப் பாட்டிலில் இருந்தது கலப்படமா, செம்பா? எனக்குத் தனியாகக் கடிதம் போடவேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள், அவன் எனக்கு இடம் பிடிக்கும் கடைசி நாளுக்குள்.