தலைநகருக்குப் பால் வேண்டாம்

மதுரையில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். சாகிற முறையைத் திருத்தச் சொல்லி முன்கூட்டியே கோரிக்கை வைத்தவர் தலைநகர் ஒருவர்தான். உயிர் பிரியும் நேரத்தில் உறவுக்காரர்கள் வாயில் ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். தன் வாயில் ஒரு சொட்டும் விழக் கூடாது என்பது அவருடைய கோரிக்கை.

தலைநகர் என்பது செல்லூர் டீக்கடை வைத்த பெயர். அங்கே தம்ளரைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார்.

"மாப்ள, புர்க்கினா பாசோவுக்குத் தலைநகரம் எது?"

தெரியாது என்றால் சொல்லித் தருவார். தெரியும் என்றால் அதைவிடச் சின்ன நாட்டுக்குப் போவார். கடைசி ஆயுதமாகத் தலைநகரமே இல்லாத நாடு எது என்பார். நவுரு என்று அவரே விடை சொல்வதற்குள் டீ ஆறிவிடும். தறிப்பட்டறைக்காரர் ஒருவர் அவருக்குப் பயந்து டீயை பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு போனார்.

ஊர்க் கேள்விகளும் உண்டு. "மாசிக்கு வீதி இருக்கு, ஆடிக்கு இருக்கு, சித்திரைக்கு இருக்கு. தை மாசம் என்ன பாவம்ணே பண்ணுச்சு?" இதையே ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவாக நீட்டினார். மனு வாங்கும் மேசையில் அப்போது நான் இருந்தேன். எந்தத் துறைக்கு என்று தெரியாத மனுவில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளுவதுதான் நடைமுறை. தள்ளினேன். கூடவே ரசீதும் கொடுத்தேன். அதற்கு முன் யாரும் அவருக்கு ரசீது கொடுத்ததில்லை போலிருக்கிறது. அன்று பிடித்த நட்பு, நான் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

தொழிலால் அவர் சினிமா தியேட்டர் ஆபரேட்டர். எந்தப் படத்தின் எந்த ரீலில் எந்தத் தியேட்டரில் பெண்கள் பகுதி அழுதது என்று சொல்லுவார். தியேட்டர் கல்யாண மண்டபமான பிறகு ஓர் அறையில் தனியாக இருந்தார். கறி தோசையில் பெரிய ரசிகர். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் பக்கத்துச் சந்தில் பால் கறப்பதைப் பார்த்துவிட்டார். கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் கொடுத்தது.

"நானும் அதே வேலைதாண்ணே பாத்தேன்" என்றார் என்னிடம். "நிழலைக் காட்டி ஆளுகளை அழ வச்சேன். ஆனா அவுக தெரிஞ்சே டிக்கெட் வாங்குனாக. அந்த மாட்டுக்கு யாரு சொன்னா?"

அன்றோடு பால், தயிர், நெய், கறி எல்லாம் போயிற்று. இதற்கு வீகன் என்று பெயர் இருப்பதாக யாரோ சொன்னதும் நிலைமை மோசமானது. தேன் போயிற்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, பட்டு வேட்டிக்கு எத்தனை புழுவை வேக வைத்தார்கள் என்று விசாரித்தார். அதன்பின் அவருக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வருவது நின்றது.

உலகத்துப் போராளிகள் அத்தனை பேரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற பெண்கள், திமிங்கல வேட்டைக் கப்பலுக்குக் குறுக்கே படகு விட்டவர்கள் என்று ஊர் பேரோடு சொல்லுவார். தானும் ஒருநாள் வைக்கோல் கன்றுக்கு எதிராக உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதித் தந்தது நான். மாலையில் வார்டு பிரமுகர் வந்து சால்வை போர்த்தி, முடித்துவைக்க மோரை நீட்டினார்.

"மோரு எதுலருந்து வருது?"

"தயிர்லருந்துண்ணே."

"தயிரு?"

பிரமுகர் யோசித்தார். போட்டோக்காரரும் யோசித்தார். நான் எலுமிச்சம்பழம் தேடி வாங்கி வரும்வரை உண்ணாவிரதம் தொடர்ந்தது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பில் பாதிதான் மிச்சம். என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, நடைமுறை தெரிஞ்ச ஆளு நீங்க. எங்க அக்கா பாலோட வரும். நீங்கதான் தடுக்கணும்."

"சொத்துக்கு உயில் எழுதலாம். வாய்க்கு எழுத முடியாது."

"எழுத வேணாம். நின்னு சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்றேன்.

அவருக்கு நினைவு வந்தும் போயும் இருந்த ஒரு நாள், அக்கா சோழவந்தானிலிருந்து மகன்களோடு வந்தார். கையில் தூக்குவாளி. வீட்டு மாட்டுப் பால், விடிந்ததும் அவரே கறந்தது. வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் கத்தவில்லை.

"எங்க ஆத்தா சாகயில இவனுக்குப் பல்லு முளைக்கல ஐயா. மாட்டுப் பாலைச் சங்குல ஊத்தி நாந்தான் வளத்தேன். மொதப் பாலு ஊத்துனவ நானு. கடைசிப் பாலை வேணாங்க நீங்க யாரு?"

விலகி நின்றேன்.

அக்கா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார். கண் மூடியிருந்த அந்த மனிதர், எங்கிருந்து பலம் வந்ததோ, உதடுகளை இறுக்கிக்கொண்டார். அக்கா காத்திருந்தார். தம்பி இன்னும் இறுக்கினார். வெளுத்துப்போன அந்த வாயை அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"சின்னப்புள்ளையிலயும் மருந்துக்கு இப்பிடித்தான் வாயைப் பூட்டுவான்" என்றார். கரண்டிப் பாலை வாளியிலேயே திருப்பி ஊற்றி மூடினார். "அவனுக்குப் பிடிக்கல. தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் பட்டதும் உதடுகள் பிரிந்தன. அக்கா ஊற்றினார். மகன்கள் ஊற்றினார்கள். பிறகு கரண்டியை என்னிடம் நீட்டினார். நான் உறவு இல்லை என்றேன்.

"தெரியும். ஊத்துங்க."

முறைப்படி ஆளுக்கு ஒரு கரண்டிதான். நான் இரண்டு ஊற்றினேன்.